மறு: ‘பேஷன்ட் கேப்பிடல்’: பொறுமுதல் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பலன் வர நெடுநாள் ஆனாலும், நட்டம் வரலாம் என்று தெரிந்தும், விலகாமல் நிற்கும் முதலீட்டை ஆங்கிலத்தில் ‘பேஷன்ட் கேப்பிடல்’ (patient capital) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் குழுவின் கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பொறுமை மூலதனம், காத்திருப்பு முதலீடு, நீள்கால முதல். கடைசியை விட்டுவிடலாம். வங்கியில் போடும் பத்து வருட வைப்பும் நீள்காலம்தான். அதனால் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை.

எனக்கு வழக்கு ‘காத்திருப்பு’ என்பதோடுதான். பேருந்துக்கும் காத்திருக்கிறோம். அது வரும் என்று தெரியும், அதுவரை நமக்கு வேலை ஒன்றுமில்லை. ஒரு கண்டுபிடிப்பை நம்பித் தள்ளாடும் கம்பெனியில் ஐம்பது பங்கு வாங்கியவரின் நிலை அதுவா?

நாம் அன்றாடம் சொல்லும் ஜெராக்ஸையே எடுத்துக்கொள்வோம். அந்த நகல் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் முதல் நகலை எடுத்தார். இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கைவிரித்தன. 1944இல் ஓஹாயோவின் பேட்டல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. பிறகு ராச்செஸ்டரில் ஒளிப்படத் தாள் தயாரித்துவந்த ஹாலாய்ட் கம்பெனி (பின்னாளில் ஜெராக்ஸ் கம்பெனி) 1947இல் உரிமம் பெற்றது. 1949இல் வந்த முதல் எந்திரத்தில் ஒவ்வொரு படியையும் கையால் செய்ய வேண்டும்; அலுவலகங்கள் அதைச் சீந்தவில்லை. ஆனால் ஆஃப்செட் அச்சுக்குத் தாள் தகடு எடுக்க அது நன்றாக உதவியது. அலுவலகங்கள் விரும்பி ஏற்ற ‘914’ என்ற நகல் எந்திரம் 1959இல்தான் அறிமுகமானது.

1947 முதல் 1960 வரை ஆய்வுக்கு ஆன செலவு ஏறத்தாழ 7.5 கோடி டாலர். வழக்கமான வியாபாரத்தில் ஹாலாய்ட் சம்பாதித்ததைப் போல இது சுமார் இரண்டு மடங்கு. மீதியைக் கடன் வாங்கியும் புதுப் பங்குகளை விற்றும் திரட்டினார்கள். புதுப் பங்கு வெளிவரும்போதெல்லாம் பழைய சிறு பங்குதாரரின் விகிதம் சுருங்கும். அதையும் தாங்கிக்கொண்டு, ‘தகடு எடுக்கவாவது எந்திரம் விற்கிறது, ஆகவே அடிப்படை சரி’ என்று கணக்குப் பார்த்து இருந்தவரின் பணம் அது. முதலுக்கே மோசம் வரலாம் என்று தெரிந்தே போட்ட பணம்.

அதனால் என் முன்மொழிவு: பொறுமுதல். சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. பொறுத்த முதல், பொறுக்கின்ற முதல், பொறுக்கும் முதல் என்று மூன்று காலமும் உள்ளே இருக்கின்றன. இந்தப் பணத்துக்கு மூன்றுமே வேண்டும். ‘பாரம் பொறுக்காமல் கிளை முறிந்தது’ என்கிறோமே, அந்தச் சுமையும் இதில் வருகிறது. பொறுப்பு என்ற சொல்லும் இதே வேரிலிருந்துதான். பொறுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர் அல்லர். ஆண்டறிக்கையைப் படிப்பார், பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்பார்.

‘பொறுமை மூலதனம்’ தவறில்லை. ஆனால் அது மனநிலையைச் சொல்கிறது, பணம் செய்யும் வேலையைச் சொல்லவில்லை. கார்ல்சனின் நகல் முறைக்கு ஜெரோகிராஃபி என்ற பெயர் நிலைத்ததற்கு ஒரு காரணம், கிரேக்கத்தில் ‘உலர்’, ‘எழுத்து’ என்ற இரண்டு சொற்களும் நடக்கிற வேலையையே சொன்னதுதான் என்று நினைக்கிறேன்.

முன்பே ஒரு நண்பர் தனிமடலில் கேட்டுவிட்டார்: “ஐயா, பேச்சில் ‘பொருள்முதல்’ என்று காதில் விழாதா? பொருள்முதல்வாதம் என்ற தத்துவத்தோடு குழம்பிவிடுமே.” நியாயமான கேள்வி. ற, ர வேறுபாடு பேச்சில் பலருக்குத் தேய்ந்துவிட்டது. ஆனால் இடையில் உள்ள ளகரம் கேட்கும். தத்துவமும் பங்குச் சந்தையும் ஒரே வாக்கியத்தில் வருவதும் அரிது. அப்படியும் தயக்கம் இருந்தால் ‘பொறைமுதல்’ என்று வைக்கலாம். வினைத்தொகை போய்விடும், சுமை என்ற பொருள் நிற்கும்.

நானும் ஒரு சிறு பட்டறைக் கம்பெனியில் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டாக ஈவுத்தொகை இல்லை. அறிக்கை மட்டும் தவறாமல் வருகிறது. என்னைப் போன்ற பங்குதாரர்களுக்காக எழுதும் கையேட்டில் இந்த வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்தேன்: “இக்கம்பெனிக்குத் தேவை பொறுமுதல், ஐந்தாண்டுக்குள் பணம் திரும்ப வேண்டியவர்கள் பங்கு வாங்க வேண்டாம்.” படித்ததும் புரிகிறதா, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.