மணிலா பள்ளியில் 'மிஸ் யுனைடெட் நேஷன்ஸ்': மகளை மேடை ஏற்றலாமா, உள்ளே எப்படி இருக்கும்?

மகாட்டி அம்மா:

வணக்கம். கணவர் வேலைக்காக நாங்கள் மணிலா வந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் கிரேடு 8. பள்ளி திறந்த வாரம் வகுப்புத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தேர்ந்தெடுத்தபோது இவளை 'மியூஸ்' என்று தேர்ந்தெடுத்தார்கள். கலை நிகழ்ச்சிப் பொறுப்பு ஏதோ என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன். இப்போதுதான் தெரிகிறது, வகுப்பு சார்பில் அழகிப் போட்டிக்குப் போகிற பெண்ணுக்குத்தான் அந்தப் பெயராம், பையன்களில் அதற்கு 'எஸ்கார்ட்'. அக்டோபர் 24 ஐ.நா. தினத்தை ஒட்டி 'மிஸ்டர் அண்ட் மிஸ் யுனைடெட் நேஷன்ஸ்' நடக்கிறது. வகுப்புக்கு ஒரு நாடு. இவள் இருப்பதால் இவர்கள் வகுப்புக்கு இந்தியா என்று டீச்சரே முடிவு செய்துவிட்டார்.

கணவர் வேண்டாம் என்கிறார். மகள் ராத்திரி பத்து மணிக்கு ஹாலில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து பார்க்கிறாள். நான் நடுவில் நிற்கிறேன். நேற்று பையில் இருபது கவர்கள் வந்தன, தெரிந்தவர்களிடம் நன்கொடை வாங்கிப் போடச் சொல்லி. வாடகைக் கடையில் இந்தியா டிரஸ் என்று காட்டியது வயிறு முழுக்கத் தெரிகிற ஒரு சினிமா லெஹங்கா. அவளுக்கு நம் நிறம்தான், யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்பதும் ஒரு பயம். போட்டியில் நின்றவர்கள், பிள்ளைகளை நிறுத்தியவர்கள், உள்ளபடி எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்.

கேஸோன் சிட்டிக்காரி:

அக்கா, நான் பிறந்து வளர்ந்ததே இங்கேதான். கிரேடு 6-ல் ஒரு முறை, ஹைஸ்கூல் மூன்றாம் வருடம் ஒரு முறை மேடை ஏறியிருக்கிறேன். இரண்டாவது முறை செகண்ட் ரன்னர் அப்.

நம் வீடுகளில் அழகிப் போட்டி என்றாலே முகம் சுளிப்பார்கள், இங்கே அப்படி இல்லை. ஊர் ஃபியெஸ்டாவுக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு ஓர் அழகி, பாரங்காய் என்கிற ஒவ்வொரு பேட்டைக்கும் ஓர் அழகி, ஆகஸ்டில் தேசிய மொழி மாதத்துக்கு 'லகான் அட் லகம்பினி', விளையாட்டு வாரத்துக்கு மிஸ் இன்ட்ராமூரல்ஸ். 1969, 1973, 2015, 2018 என்று நான்கு தடவை மிஸ் யுனிவர்ஸ் கிரீடம் வாங்கிய நாடு. 2015-ல் தொகுப்பாளர் முதலில் கொலம்பியா பெயரை வாசித்துவிட்டு, அப்புறம் திருத்தி பிலிப்பைன்ஸின் பியா வுர்ட்ஸ்பாக் என்று சொன்னாரே, அன்று எங்கள் ஆபீஸில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. அதனால் மகளைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் அவளுக்கு மரியாதை செய்திருக்கிறார்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

அன்றைய இரவு சின்ன விஷயம் அக்கா. அதற்கு முன்னால் வருகிற நான்கு வாரம்தான் பெரிது. தினமும் மதியம் ரிகர்சல். கேள்வி பதில், நடை எல்லாவற்றையும் விட ஓப்பனிங் டான்ஸுக்குத்தான் அதிக நேரம் போகும், முப்பது பேரும் ஒரே மாதிரி கை தூக்க வேண்டுமே. கணக்குப் பாடம் போகும். டீச்சர் எக்ஸ்கியூஸ் கொடுப்பார், ஆனால் விட்ட பாடத்தை யாரும் திரும்ப நடத்த மாட்டார்கள். பக்கத்து பார்லர்க்காரர் ஒருவர் நடை சொல்லிக்கொடுக்க வருவார். பெரும்பாலும் இங்கே 'பக்லா' என்று சொல்கிற, பெண் தன்மை உள்ள ஆண்கள்தான் அந்த வேலையில் இருப்பார்கள். என்னைப் பழக்கியவர் காசு வாங்காமல் மூன்று வாரம் வந்தார். தோளைப் பின்னால் இழு, கண்ணைக் கடைசி வரிசையில் வை என்பார், பல் காய்ந்து உதடு ஒட்டாமல் இருக்க முன்பல்லில் வாசலின் தடவிவிடுவார். இன்றைக்கும் நான் மீட்டிங்கில் எழுந்து பேசினால் அந்தத் தோள் தானாகப் பின்னால் போகிறது.

மேடையில் முதலில் தன்னை அறிமுகம் செய்ய வேண்டும், கத்தித்தான். பெயர், வயது, நாடு, கடைசியில் 'நான் நம்புகிற ஒரு பொன்மொழி' என்று ஒன்று. இது இங்கே எழுதாத சட்டம். கேள்வி பதிலுக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் கைவிட்டுச் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். ஐ.நா. போட்டி என்றால் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். எனக்குக் கிரேடு 6-ல் உலக அமைதி பற்றி ஒரு கேள்வி வந்தது, இருபது விநாடி வாயே திறக்கவில்லை, கூட்டம் கைதட்டியது. கேலிக்கு இல்லை, பேசட்டும் என்று தட்டினார்கள். அதை மறக்கவே முடியாது.

மறக்க முடியாத இன்னொன்றும் இருக்கிறது. ஹைஸ்கூல் போட்டிக்கு முன்னால் கவுன் இடுப்பில் இறுக்குகிறது என்று யாரோ சொல்ல, இரண்டு வாரம் அம்மா எனக்குச் சோற்றைக் கிண்ணத்தில் அளந்து போட்டார். அப்போது எனக்கு 14 வயது. மேடையில் தோற்றதற்கு நான் அழவில்லை. அந்தக் கிண்ணத்தை நினைத்துப் பின்னால் ரொம்ப வருடம் அழுதிருக்கிறேன், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வோடு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா, யார் எடையைப் பற்றி வாயெடுத்தாலும் அவள் காதில் விழுவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். பயிற்சியாளரோ, டீச்சரோ, உங்கள் மாமியாரோ, யாராக இருந்தாலும் சரி.

செபூ அப்பா:

அந்தக் கவர்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், தங்கச்சி. இங்கே பள்ளிப் போட்டிகளில் இரண்டு வகை. ஒன்று நடுவர்கள் மதிப்பெண் போடுவது. இன்னொன்று யார் அதிகம் பணம் சேர்க்கிறார்களோ அவர்களுக்கே கிரீடம், கவரில் சேர்கிற பணம்தான் ஓட்டு. இரண்டையும் கலந்து வைப்பதும் உண்டு. சேர்கிற பணத்தில் வகுப்புக்கு ஃபேன் வாங்குவார்கள், மேடைக்குக் கூரை போடுவார்கள், காரணம் நல்ல காரணம்தான். ஆனால் பிள்ளைக்கு அது தெரியாது, தான் அழகில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

என் மகள் கிரேடு 4-ல் நின்றாள். அது பணப் போட்டி என்று எனக்கே பாதியில்தான் புரிந்தது. ஆபீஸில், பக்கத்து வீட்டில் எல்லாம் கவர் கொடுத்தேன், நானும் போட்டேன். கடைசி எண்ணிக்கைக்கு அரை மணி நேரம் முன்பு வரை அவள்தான் முதலிடம். அப்புறம் இன்னொரு குடும்பம் வந்து மொத்தமாகக் கட்டியது. இவள் மூன்றாவது. வீட்டுக்குப் போகும்போது ஜீப்னியில், அதாவது இங்கத்து ஷேர் வண்டியில், 'அப்பா, நமக்குக் காசு கம்மியா?' என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?

டீச்சரிடம் மதிப்பெண் தாளைக் கேளுங்கள், கிரைட்டீரியா ஷீட் என்பார்கள். உடைக்கு எத்தனை சதவீதம், கேள்வி பதிலுக்கு எத்தனை, ஓட்டுக்கு எத்தனை என்று அதில் இருக்கும். பணம் பட்டத்தையே முடிவு செய்கிறது என்றால், அதை மகளிடம் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட்டு அப்புறம் அனுப்புங்கள். 'பாப்புலாரிட்டி அவார்டு' என்று தனியாக வைத்திருந்தால் கவலை இல்லை, கவர்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முகநூல் லைக் கணக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். படத்தைப் பொதுவில் போட்டு ஓட்டு கேட்பார்கள், 13 வயதுப் பெண்ணின் படத்துக்குக் கீழே யார் யாரோ எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

தாவாவோ மாணவி:

ஆன்ட்டி, நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன், சொந்த ஊர் திண்டுக்கல். எங்கள் கல்லூரி இன்ட்ராமூரல்ஸில் பேட்மின்டன் மட்டையோடு விளையாட்டு உடைச் சுற்றில் நடந்தவள்.

நிறம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். கடையில் பார்த்திருப்பீர்கள், பப்பாளி சோப், குளூட்டாதையோன் என்று வெளுக்கிற சாமான்தான் அலமாரி முழுக்க. மேக்கப் போட்ட அக்கா எனக்கு இரண்டு ஷேடு வெளுத்த பவுண்டேஷனைப் பூசிவிட்டார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். படங்களைப் பார்க்கவே முடியவில்லை. கெட்ட எண்ணமில்லை, அவர் பெட்டியில் என் நிறமே இல்லை. நீங்களே மகளுக்குப் பொருந்துகிற பவுண்டேஷனை வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அப்புறம் 'பும்பாய்' (இந்தியர்களுக்கு இங்கே வைத்த கேலிப் பெயர்), 'ஃபைவ் சிக்ஸ்' என்று பையன்கள் கத்தலாம். ஐந்து கொடுத்து ஆறு வாங்குகிற வட்டிக்காரர் என்று இங்கே இந்தியர்களைச் சொல்வது வழக்கம் இல்லையா, அதுதான். முதல் முறை மேடையில் வைத்துக் கேட்டால் உடம்பு கூசிவிடும். வீட்டிலேயே சொல்லி வைத்திருந்தால் தாங்கிவிடுவாள்.

நல்லதும் இருக்கிறது. உடை மாற்றுகிற இடம் ஒரு வகுப்பறை, ஜன்னலில் எல்லாம் பேப்பர் ஒட்டியிருப்பார்கள், இருபது பெண்கள், ஒரே ஃபேன். என் ஜிப் அறுந்துவிட்டது. என்னோடு போட்டியிட்ட நர்சிங் மாணவி தன் டர்னைக் காத்திருக்கிற நேரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து என்னை ஊசி நூலால் தைத்து அனுப்பினாள். இப்போது அவள்தான் எனக்கு இங்கே நெருங்கிய தோழி. இங்கே கடாயவான் திருவிழாவில் 'ஹியாஸ் நங் கடாயவான்' என்று ஓர் அழகிப் போட்டி நடக்கும், தாவாவோவின் 11 இனக்குழுப் பெண்கள் தங்கள் நெசவையும் கதையையும் மேடையில் எடுத்துச் சொல்வார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது, உடையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்த பெண்ணைக் கூட்டம் கவனிக்கிறது. லெஹங்கா வேண்டாம் ஆன்ட்டி, பாவாடை தாவணி கட்டிவிடுங்கள்.

மகாட்டி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. செபூ அண்ணா சொன்னபடி மதிப்பெண் தாளைக் கேட்டேன். ஓட்டு தனி அவார்டுதானாம், கவர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், டீச்சர் முகம் கொஞ்சம் வாடியது, பரவாயில்லை. மகளிடம் பும்பாய் விஷயத்தைச் சொன்னேன். 'அது கிரேடு 6-லேயே கேட்டுட்டேன்மா' என்றாள். எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக வீட்டில் சொல்லவே இல்லை. அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். போகிறாள்.

டிவிசோரியா சந்தையில் துணி வாங்கி, அம்மாவின் பழைய பட்டுக் கரையை வைத்துத் தைக்கலாம் என்று இருக்கிறேன். பாவாடைக்கு ஹீல்ஸ் எத்தனை அங்குலம் சரியாக இருக்கும்?

கேஸோன் சிட்டிக்காரி:

மூன்றுக்கு மேல் வேண்டாம் அக்கா. செருப்பை முதலில் வாங்குங்கள், அதைப் போட்டுக்கொண்டு நிற்கவைத்துத்தான் பாவாடை உயரம் அளக்க வேண்டும். முன்பக்கம் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி இருக்கட்டும், படியில் தடுக்காது. தாவணியை இடுப்பிலும் தோளிலும் உள்பக்கமாகத் தைத்துவிடுங்கள், பின்னை நம்பாதீர்கள்.