ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிபோகிறோம்: கோட்டையூரிலிருந்து எதை எடுத்துப் போவது?

கோட்டையூர் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் ஆனியில் ஜெர்மனி போய், ஸ்டுட்கார்ட்டில் வேலையில் சேர்ந்து, வாடகைக்கு வீடும் பிடித்துவிட்டார். நானும் நான்கு வயது மகனும் ஐப்பசியில் புறப்படுகிறோம். விசா கைக்கு வந்துவிட்டது.

முகப்பில் இரண்டு பெட்டிகள் திறந்தபடி கிடக்கின்றன. ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். மாமியார் மிளகாய்ப் பொடி திரித்து, வடகமும் காயவைத்துவிட்டார்கள். கணவருடைய அப்பத்தா மொட்டை மாடியில் உப்புக்கண்டம் போட்டிருக்கிறார்கள். சின்ன மாமியார் தங்கள் இரும்புப் பணியாரக் கல்லையே எண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டார்கள். கணவரோ, ஒன்றும் வேண்டாம், எல்லாம் அங்கேயே கிடைக்கும் என்கிறார். அவர் இதுவரை சாப்பிடுவது அலுவலக கேன்டீனில்.

எதை எடுப்பது, எதை விடுவது? என்னென்ன காகிதங்கள் வேண்டும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். காரைக்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன், வேலையை விட்டுவிட்டேன். எங்கள் வளவில், அதாவது முற்றம் சூழ்ந்த நடு வீட்டில், எந்நேரமும் நாலு பேர் இருப்பார்கள். அங்கே காலையில் அவர் கிளம்பினால் மாலை வரை நானும் பிள்ளையும்தான். ஜெர்மனில் ஒரு வார்த்தை தெரியாது. பொழுது எப்படிப் போகும் என்பதுதான் என்னுடைய பெரிய கவலை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாணவன், ஆகன், ஜெர்மனி

அக்கா, நானும் காரைக்குடிதான். பெட்டியில் பாதியைக் காலியாகவே விடுங்கள். பருப்பு, புளி, பச்சரிசி, இட்லி அரிசி எல்லாம் தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன. குளிர் உடுப்பை ஊரில் வாங்க வேண்டாம். இங்குள்ள மழைக்கும் காற்றுக்கும் ஏற்ற மேலங்கியை இங்கே வாங்குவதே சரி. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். நாடு முழுவதும் பஸ்ஸிலும் சாதாரண ரயில்களிலும் செல்லும் மாத டிக்கெட் 2025இல் 58 யூரோ. அதிவேக ரயிலில் அது செல்லாது. விமானம் ஏறும் முன் எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை ஆச்சி, எஸ்லிங்கன்

தம்பி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாணவர் விடுதி வேறு, குடித்தனம் வேறு. நான் பல ஆண்டுகளாக ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் எஸ்லிங்கனில் குடியிருக்கிறேன், பிள்ளையும் இங்கேதான் வளர்ந்தாள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காகிதம். கல்யாணத்தன்று எழுதிய இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஓலை நமக்குப் பெரிது. இங்கே அலுவலகத்தில் கேட்பது சார்பதிவாளர் அலுவலகம் கொடுத்த திருமணச் சான்றிதழை. அதன் மூலப் பிரதி, பிள்ளையின் பெயர் ஏறிய பிறப்புச் சான்றிதழ், உங்கள் பட்டம், பி.எட்., பணி அனுபவக் கடிதம் எல்லாம் கைப்பையில் வர வேண்டும். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை மறக்கவே கூடாது. 2020 மார்ச் முதல், தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஆதாரம் காட்டாவிட்டால் கிண்டர்கார்ட்டனில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அட்டையில் தேதி மங்கியிருந்தால், ஊசி போட்ட இடத்திலேயே மறுபடி எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு அதற்காகக் கோட்டையூருக்குப் போன் போட்டு அலைய வைப்பது பெரிய பாடு.

அடுத்தது பெயர். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆணுக்கு அப்பா பெயரும் பெண்ணுக்குக் கணவர் பெயரும் ஏறிவிடுகின்றன. ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பப் பெயர்கள் வந்துவிடும். இங்கே அடுக்குமாடிகளில் கதவு எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் பெயரை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். பெட்டியில் இல்லாத பெயருக்குக் கடிதம் வந்தால் திரும்பிப் போய்விடும். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். ஆகவே இன்றைக்கே கணவரிடம் சொல்லி, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் உங்கள் பெயரையும் பிள்ளை பெயரையும் பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் பெட்டியில் மாமனார் பெயரும் கணவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மாமனார் தேவகோட்டையை விட்டு வந்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் இருப்பதால்தான் கணவருடைய கடிதங்கள் வந்து சேர்கின்றன.

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். கணவர் தன் பெயருக்கு வாங்கியது உங்களுக்குப் போதாது. நீங்களும் பிள்ளையும் குடிவரும் தேதியைக் குறித்து இன்னொன்று வாங்கச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீடு அரசு முறையிலா, தனியார் முறையிலா என்றும் கேட்டு வையுங்கள். அரசு முறையில் இருந்தால், வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளையும் கூடுதல் சந்தா இல்லாமல் சேர்ந்துகொள்ளலாம். தனியாரில் ஆளுக்கு ஒரு சந்தா. பிள்ளைக்கான அரசு உதவித்தொகை 2025இல் மாதம் 255 யூரோ, வந்ததும் விண்ணப்பியுங்கள்.

இனி பெட்டி. அப்பத்தா மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள்: உப்புக்கண்டம் வரக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை. நெய், பால்கோவா எல்லாம் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அது இங்கே தமிழ்க் கடையிலேயே கிடைக்கிறது. மிளகாய்ப் பொடி, வடகம், வற்றல், கவுனி அரிசி கொண்டுவாருங்கள். மிளகாய்ப் பொடி எவ்வளவு கொண்டுவந்தாலும் தகும். கடைப் பொடியில் நம் வீட்டுக் குழம்பு வராது. இதில் மாமியார் கட்சிதான் நானும்.

பணியாரக் கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அடுப்பு என்பது வழவழப்பான கண்ணாடிப் பலகை. குழிகளின் அடிப்பக்கம் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் கல் அதன்மேல் சரியாக உட்காராது. நடுக்குழி கருகும், ஓரக்குழி வேகாது. அடி தட்டையான பணியாரச் சட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கணவர் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் பாத்திரக் கடைக்கு ஒரு காந்தத்தைக் கொண்டுபோய், அடியில் ஒட்டுகிறதா என்று பார்த்தே எடுங்கள். அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. மேசைமேல் வைக்கும் சின்ன கிரைண்டர் எடையைத் தின்றாலும் எடுத்து வாருங்கள். மின்சாரம் நம்மூர்போல 230 வோல்ட்தான். பிளக் மட்டும் மாற்ற வேண்டும். குளிர்காலத்தில் மாவு பொங்க, ஓவனைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை இரவு முழுதும் உள்ளே வையுங்கள். காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அரைப்பதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு முழுதும், மற்ற நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரையும் சத்தம் கூடாது. ஞாயிறன்று கடையும் இல்லை. சனிக்கிழமையே பால் முதற்கொண்டு வாங்கி வைக்க வேண்டும். தாளித்து முடித்ததும் ஜன்னலை அகலத் திறந்து சில நிமிடம் காற்று விடுங்கள். தாளிக்காவிட்டாலும் தினம் இரண்டு மூன்று முறை அப்படிச் செய்ய வேண்டும். வளவு திறந்திருக்கும் நம் வீடுகளில் காற்று தானே வந்து போகும். இங்கே ஜன்னல் காற்றுப் புகாமல் மூடிக்கொள்வதால், நாம் திறக்காவிட்டால் சுவரில் பூஞ்சை படரும். அதற்கு வீட்டுக்காரர் பணம் கேட்பார். ஸ்டுட்கார்ட் பக்கம் இன்னொரு வழக்கமும் உண்டு. மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது குடியிருப்பவர்கள் முறை வைத்துச் செய்யும் வேலை. உங்கள் முறை வரும்போது கதவில் சின்னப் பலகை தொங்கும். அந்த வாரம் படி பளிச்சென்று இருந்தால், உங்களைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் நல்ல எண்ணம் வந்துவிடும்.

பொழுது பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஐப்பசியில் வருகிறீர்கள், மார்கழியில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் அந்த இருட்டு மனத்தில் ஏறும். எனவே, வீடு ஒழுங்கான பிறகு பார்க்கலாம் என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள். வந்த முதல் மாதமே மொழி வகுப்பில் சேருங்கள். அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் வழக்கமாக 600 மணி நேரம் மொழியும் 100 மணி நேரம் இந்நாட்டு வரலாறும் சட்டமும் சொல்லித் தருகிறார்கள். புளூ கார்டு என்ற வேலை அனுமதியில் வந்தவரின் மனைவிக்கு வேலை செய்யத் தடையில்லை. கணக்கு டீச்சர் என்றால் மொழி வந்ததும் வழி திறக்கும்.

கிண்டர்கார்ட்டனுக்கு இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். இடம் எளிதில் கிடைக்காது. கிடைத்ததும் முதல் சில நாட்கள் பிள்ளையோடு நீங்களும் வகுப்பறையில் இருக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவீர்கள். என் மகளுக்காக முழங்கால் உயரச் சிறு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஒரு துருக்கிக்காரப் பெண் தன் மகனுக்காக உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் அரைகுறை ஜெர்மன். நடைபாதைக்கு எங்களை அனுப்பியதும் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகளும் அழுதன, இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் அழுதோம். அவள் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பாதி பிய்த்துக் கொடுத்தாள். எனக்கு இந்த ஊரில் முதலில் கிடைத்த உறவு அவள்தான். குழந்தை மருத்துவரைக் காட்டியதும், வகுப்புக்கு அழைத்துப் போனதும் அவளே. நம் ஆட்களைத் தேடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் படிக்கட்டிலும் பள்ளி நடைபாதையிலும் தினமும் எதிர்ப்படுகிறவர்களை விட்டுவிட்டு, தூரத்து ஊரில் இருக்கும் நாலு காரைக்குடிக் குடும்பங்களுக்காகச் சனி ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள்.

பள்ளத்தூர் ஐயா

இந்தக் கேள்வியைப் படித்து மகிழ்ந்தேன். எங்கள் ஐயா ரங்கூனுக்கு ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், அடுத்தாளாகி, கடைப் பொறுப்பைக் கவனிக்கும் மேலாளானவர். கொண்டுவிக்கப் போவது, அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போவது என்றால் மூன்று வருடக் கணக்கு. ஆண் மட்டும் போவார். ஆத்தாளும் பிள்ளைகளும் இங்கே பெரிய வீட்டில். நான் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனபோதும் அப்படித்தான். ஆனால் எனக்கு அங்கே சிரமம் தெரியவில்லை. இறங்கினால் நகரத்தார் தங்கித் தொழில் செய்யும் கிட்டங்கி இருந்தது, சமைத்துப் போட ஆள் இருந்தது, தண்டாயுதபாணி கோயில் இருந்தது. முன்னால் போனவர்கள் எல்லாம் செய்துவைத்திருந்தார்கள். தனிமையைச் சுமந்தவர்கள் ஊரில் இருந்த பெண்கள்தான். என் தாயார் பினாங்குக் கடிதங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கி, கண் தெரியாத வயதிலும் யாரையாவது வாசிக்கச் சொல்வார்கள்.

அதனால் சொல்கிறேன் அம்மா, குடும்பமாகப் போவது பெரிய பாக்கியம். தயங்காமல் போய் வா. அப்பத்தாவுக்கு மட்டும் ஒரு நேரம் குறித்துக் கொடு. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. அங்கே மதியம் இரண்டு என்றால் இங்கே விளக்கு வைக்கும் நேரம். எப்போதாவது அரை மணி பேசுவதைவிட, சொன்ன நேரத்தில் ஐந்து நிமிடம் பேசுவது வயதானவர்களுக்குப் போதும்.

ஈழத்து அக்கா, டோர்ட்முண்ட்

வணக்கம் தங்கச்சி. 1983க்குப் பிறகு இங்கு வந்த எங்கட சனம் கட்டியெழுப்பிய கடைகளும் கோயில்களும் உங்களுக்கும் உரியவைதான். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். உங்களுக்குத் தூரம்தான், ஆனாலும் ஒருமுறை வாருங்கள். பிள்ளைக்குத் தமிழ் எழுத, வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத் தமிழாலயம் என்ற வார இறுதிப் பள்ளிகள் பல நகரங்களில் நடக்கின்றன. கணக்கு ஆசிரியை என்கிறீர்கள். பிள்ளையைச் சேர்க்கும்போது நீங்களும் படிப்பிக்கக் கேட்டுப் பாருங்கள்.

கோட்டையூர் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். உப்புக்கண்டத்தைக் காரைக்குடியில் என் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். கணவர் நேற்றே தபால் பெட்டியில் பெயர் ஒட்டிப் படம் அனுப்பினார். தேவகோட்டை ஆச்சி, ஒன்றே ஒன்று: பிள்ளை இனிமேல் ஜெர்மன் பள்ளிக்குப் போகப் போகிறான். வீட்டில் நான் இப்போதிருந்தே ஜெர்மன் பேசிப் பழக்க வேண்டுமா?

தேவகோட்டை ஆச்சி, எஸ்லிங்கன்

வேண்டாம். வீட்டில் தமிழே பேசுங்கள். கிண்டர்கார்ட்டனிலும் எங்களிடம் அதைத்தான் சொன்னார்கள்: பெற்றோர் தங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசட்டும், ஜெர்மனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. முதலில் சில மாதம் அவன் வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கலாம். பயப்படாதீர்கள், கேட்டுக்கொண்டிருப்பான், பிறகு ஒரேயடியாகக் கொட்டுவான்.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் நம்மவர்கள் சிலர் வருவார்கள், இழை எடுக்கிறோம், அதாவது மாவில் வைத்த நூல்திரியை ஏற்றிச் சுடரோடு விழுங்குகிறோம். மேலே புகை எச்சரிக்கைக் கருவி இருப்பதால் ஜன்னலோரமாக நின்று எடுப்போம். நெல் பொரியும் கம்புப் பொரியும் இங்கே கிடைப்பதில்லை. காரைக்குடியில் கிடைத்தால் ஆளுக்குக் கொஞ்சம் வருமாறு வாங்கி, பெட்டியில் மேலாக வையுங்கள், நொறுங்கிவிடும். விலாசத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.