பொதுக்குழுவுக்குள் ஒரு தீர்மானம் தயாராக வேண்டும், உதவுங்கள்

தோழிகளுக்கு வணக்கம். பெண்கள் படிப்புக்காக மாநில அளவில் இயங்கும் எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு அடுத்த மாதம் திருச்சியில் நடக்கிறது, இந்த வருடம்தான் நான் செயலாளர். கணக்கு, தேர்தல் எல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். என் கவலை புதுமைப் பெண் திட்டம் பற்றிய தீர்மானம்தான்.

2022 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசுத் திட்டம், உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும், பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கிடைத்தது. நல்ல திட்டம், மறுக்கவே முடியாது. ஆனால் எட்டாவது வரை தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்து, அப்பா இறந்ததும் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளை என்ன செய்வாள்? போன மாதம் அப்படி ஒரு பெண் தன் மாற்றுச் சான்றிதழை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். மடிப்பு ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

உங்கள் ஊரில் இப்படி விடுபட்ட பெண்கள் இருந்தால் பெயர் வேண்டாம், மாவட்டமும் எந்த வகுப்பில் மாறினார்கள் என்பதும் மட்டும் எழுதுங்கள். அப்புறம், அரசுக்குக் கோரிக்கைத் தீர்மானம் எழுதிப் பழகிய அக்கா யாராவது என் வரைவை ஒருமுறை திருத்தித் தந்தால் பெரிய உதவி. ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் அழைப்பிதழோடு சேர்த்து அனுப்பிவிடுவேன்.