கலைச்சொல்: பேட்டரியின் மின்னை இறக்கும்போது அது தரும் அளவுக்கு என்ன சொல்?

வணக்கம். ஒளிப்படக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மலிவு மாற்று பேட்டரிகளைச் சோதிக்கும் பாடத்தில் இரண்டு அளவுகள் வருகின்றன. கேனன் எல்பி-ஈ6என் என்ற கேமரா பேட்டரியின் அசலில் 1865 மில்லி ஆம்பியர் மணி என்றிருக்கும். அதே கூட்டில் 2600 என்று அச்சிட்டு விற்பதும் உண்டு. அச்சிட்டது 'குறித்த கொள்ளளவு'. சோதித்துக் கிடைப்பதற்கு 'உண்மைக் கொள்ளளவு' போதுமா?
— மொழிபெயர்ப்பாளர்

போதாது ஐயா. 'உண்மை' என்றால் மாறாத ஒரே எண் என்று மாணவர் நினைப்பார். 8.4 வோல்ட் வரை ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, 0.4 ஆம்பியர் சீரான ஓட்டத்தில் 6 வோல்ட் வரை இறக்குகிறோம். ஓட்டத்தை 2 ஆம்பியராக்கினால் அகத்தடையால் மின்னழுத்தம் முன்னதாகவே 6-ஐத் தொடும், எண் குறையும். குளிரிலும் குறையும். கொள்வினை கொடுப்பினை போல, ஏற்றும்போது கொள்ளளவு, இறக்கும்போது 'கொடையளவு' என்போம்.
— பயிலக ஆசிரியர்

கேட்பவன் உயர்ந்தோனானால் 'கொடு', ஒத்தோன் 'தா', இழிந்தோன் 'ஈ' என்பது தொல்காப்பியம். கேமரா பேட்டரியை நம்பி நிற்பது. அது 'ஈ' என்றே கேட்கும். ஆகவே 'ஈவளவு'. 'தா'வழி வந்த 'தரவு' ஏற்கெனவே வேறு பொருளுக்குப் போய்விட்டது.
— இலக்கண ஆர்வலர்

இலங்கைப் பாடநூல்களில் மின்தேக்கியைக் கொள்ளளவி என்றும் அதன் பண்பைக் கொள்ளளவம் என்றும் படிப்பிக்கிறோம். 'கொள்ளளவு' என்றதும் எங்கட பிள்ளைகள் கொள்ளளவத்தின் அலகான ஃபாரடைத்தான் நினைப்பினம். 'கொள்திறன்' நல்லம்.
— யாழ்ப்பாணத்திலிருந்து

படிப்பவர் 'கெப்பாசிட்டி' என்பவர். ஈவளவு என்றால் புத்தகத்தை மூடிவிடுவார். ஆனாலும் ஆசிரியர் சொல்லும் கொள்ளல், கொடுத்தல் வேறுபாடு மிக முக்கியம். பலர் யுஎஸ்பி மீட்டரைச் சார்ஜருக்கு முன்னே மாட்டி, அதில் வரும் எண்ணையே பேட்டரியின் எண்ணாக எழுதுகிறார்கள். அது 5 வோல்ட்டில் உள்ளே போனது, சார்ஜரின் இழப்பும் சேர்ந்தது. 7.2 வோல்ட்டில் 1865 என்பது சுமார் 13.4 வாட் மணி. 5 வோல்ட் பக்கம் அதுவே 2680-ஐத் தாண்டும். 2600 என்ற பொய் அங்கே மெய்யாகிவிடும்! இறக்கித்தான் அளக்க வேண்டும்.
— பழுதுநீக்குநர்

நன்றி. 'அளந்த கொள்ளளவு' என்பதற்கே மூவர் ஒப்பினார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஓட்டத்தையும் நிறுத்திய வோல்ட்டையும் எழுதச் சொல்லிவிட்டேன்.
— மொழிபெயர்ப்பாளர்

நான் ஒப்பவில்லை. அளந்தது ஏற்றும்போதா, இறக்கும்போதா? யுஎஸ்பி மீட்டர்க்காரரும் 'அளந்த'தாகத்தான் சொல்வார். அடிக்குறிப்பிலாவது கொடையளவு வரட்டும்.
— பயிலக ஆசிரியர்