ஆழ்கடல் நண்டு: ஆணை மட்டும் பிடித்தால் போதுமா?

மீன்வள மாணவி:
செமினாருக்கு ஆழ்கடல் நண்டு எடுத்திருக்கேன். புதுசா ஒரு நண்டுத் தொழிலை ஆரம்பிக்க முதல்ல என்ன தெரிஞ்சிருக்கணும்? "பெண் நண்டை விட்டுட்டு ஆணை மட்டும் பிடிச்சா பிரச்சினையே இல்லை"ன்னு எங்க சார் சொல்றார். சரியா?

கூண்டுக்காரன்:
பாதிதான் சரி தங்கச்சி. அமெரிக்கக் கிழக்குக் கரையோட சிவப்பு நண்டு, சேசியான் குவின்குவிடென்ஸ் (Chaceon quinquedens), அதைப் பாருங்க. 1970-களிலேயே பிடிக்க ஆரம்பிச்சாச்சு. மேலாண்மைத் திட்டம் வந்தது 2002-ல! அங்கேயும் ஆண் மட்டும்தான்.

ஆனா அது சேர்ற விதத்தைக் கவனிக்கணும். பெண் சட்டை உரிச்சு மெத்துனு இருக்கும்போதுதான் சேரும். ஆண் அதைத் தன் காலுக்குள்ள அணைச்சுக் காவல் காக்கும். பெண்ணைவிடப் பெருசா இருந்தாத்தான் அது நடக்கும். பெருசையெல்லாம் அள்ளிட்டா பெண் நிறைய மிஞ்சும், துணைதான் கிடைக்காது.

1974-ல கடலடியில கேமரா இழுத்து எண்ணினாங்க. 2003-05-ல திரும்ப எண்ணினப்ப பெரிய ஆண் குறைஞ்சிருந்தது, பெண்ணும் குஞ்சும் கூடியிருந்தது. மொத்த எடையை மட்டும் பார்த்திருந்தா கவலையே பட்டிருக்க மாட்டாங்க.

கரைவாசி:
இவ்வளவு எதுக்கு? பத்து இடத்துல கூண்டு போட்டு, கூண்டுக்கு எத்தனை விழுதுன்னு பார்த்தா தெரியாதா?

கூண்டுக்காரன்:
எந்த ஆழத்துல போட்டீங்க? பெண் பெரும்பாலும் மேலே, ஆண் அதுக்குக் கீழே. ஆழத்தை மாத்தினா கணக்கே மாறும். இரை வாடை எவ்வளவு தூரத்து நண்டை இழுக்குதுன்னும் தெரியணும். அதோட, புதுக் கடல்ல முதல்ல விழறது பல வருஷமா சேர்ந்த கிழடுங்க. அந்தக் கணக்கை வருஷா வருஷம் எதிர்பார்த்துப் படகு வாங்கினா கடன்தான்.

மீன்வள மாணவி:
வயசு எப்படிப் பார்க்கிறது அண்ணா?

கூண்டுக்காரன்:
அதான் பெரிய தலைவலி. மீனுக்குக் காதுக்குள்ள இருக்கிற செவிக்கல்லோட வளையத்தை எண்ணலாம். நண்டு ஓட்டையே கழட்டிப் போட்டுடும். குறி மாட்டி விட்டு, திரும்பப் பிடிபடும்போது எவ்வளவு வளர்ந்திருக்குன்னு அளக்கணும். வளர்ந்த ஆண் அடுத்த சட்டை உரிக்கவே வருஷக்கணக்காகும், அதனால ரெண்டு வருஷ புராஜெக்ட் பத்தாது. பெண்ணும் முட்டையை மாசக்கணக்கா சுமக்கும்.

செமினாருக்கு ரெண்டு வரைபடம் போதும்: எந்த ஆழத்துல ஆண், எந்த ஆழத்துல பெண்; எந்த அளவுல பருவம். ஆணுக்குப் பருவத்தைப் பார்க்கும்போது உள்ளே விந்து இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. அந்த அளவு ஆண், பருவமான பெண்ணை அணைக்கிற அளவுக்குப் பெருசான்னும் சார்கிட்ட கேளுங்க.