எபேன் அலுவலகத்தில் சோபா மூலை காலியாகவே கிடக்கிறது: மேசையா, தடுப்பா?

வணக்கம். மொரீசியஸ், எபேன் சைபர் சிட்டியில் 35 பேர் வேலை செய்யும் தளம். பிரிவு பார்க்காமல் எல்லாரும் கலந்து பேசட்டும் என்று ஜன்னலோரம் 6க்கு 4 மீட்டர் மூலையில் பிப்ரவரியில் இரண்டு சோபா, ஒரு டீப்பாய் போட்டோம். ஆறு மாதமாக அங்கே ஆளே இல்லை. பேச்செல்லாம் காப்பி மெஷின் பக்கத்தில் நின்றபடிதான்.

சோபா இருக்கை உயரம் 38 செ.மீ., டீப்பாய் 40. லேப்டாப் வைத்தால் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்கிறது. புடவை கட்டியவர்களுக்கு எழுந்திருப்பதே சிரமம். அதைவிடப் பெரிய தொல்லை சத்தம். கீழே டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மெதுவாகப் பேசினாலும் 3 மீட்டர் தள்ளியுள்ள கணக்குப் பிரிவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. அப்புறம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

2க்கு 3 மீட்டர் கம்பளம் விரித்தோம். எதிரொலி குறைந்தது, பேச்சு கேட்பது குறையவில்லை. செடித்தொட்டி வரிசை மேலாளர் அறையிலிருந்து வரும் பார்வையை மறைத்தது, சத்தத்தை அல்ல. கூரையில் எதுவும் மாட்டக் கட்டட உரிமையாளர் அனுமதிப்பதில்லை.

ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது. 105 செ.மீ. உயர மேசையும் 75 செ.மீ. ஸ்டூல்களும் வாங்கி, காப்பி மெஷினை அங்கே நகர்த்துவதா (தண்ணீர்க் குழாய் தேவைப்படாத மெஷின்தான்), அல்லது கணக்குப் பிரிவுப் பக்கம் 160 செ.மீ. துணித் தடுப்பு வைப்பதா? நீங்களாக இருந்தால் எதைச் செய்வீர்கள்?