வெளிநாட்டில் இறந்த சித்தப்பாவின் உடலைக் கொண்டுவர முதலில் யாரிடம் பேசுவது?

நெடுவழி:
வெளிநாட்டில் வேலை பார்த்துவந்த என் சித்தப்பா முந்தாநாள் தங்கியிருந்த அறையிலேயே இறந்துவிட்டார். மாரடைப்பாக இருக்கும் என்று கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். உடல் அங்கே அரசு மருத்துவமனைப் பிணவறையில் இருக்கிறது. எந்த நாடு என்று பொதுவில் போட வேண்டாம் என்கிறார் சித்தி, மன்னிக்கவும். வீட்டில் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் நான் மட்டும்தான். விசா கிடைக்க நாளாகும். இதற்குள் யாரோ ஒருவர் போன் செய்து, முழுப் பணத்தையும் அனுப்பினால் டிக்கெட் போட்டு உடலை அனுப்பிவைப்பதாகச் சொல்கிறார். என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் மழுப்புகிறார். நான் நேரில் போயே ஆக வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பழைய கார்கோ ஆள்:
தம்பி, மிகவும் வருந்துகிறேன். விமான நிலைய சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல் காரியம், அந்த ஆளுக்குக் காசு அனுப்பாதீர்கள். டிக்கெட் என்று ஒன்றே இதில் கிடையாது. உடல் ஏர்வே பில் (விமானச் சரக்குக்கான ரசீது) போட்டு, சரக்காகத்தான் வரும். காகிதங்கள் கைக்கு வராமல் விமான நிறுவனம் பெட்டியை ஏற்றுக்கொள்ளாது. அதனால் விமானம் கடைசி வேலை.

நீங்கள் போக வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. சித்தி கையெழுத்திட்ட ஓர் அதிகாரக் கடிதம் தயார் செய்து சான்றொப்பம் வாங்குங்கள். அங்கே இருக்கும் நம்பகமான ஒருவரை, நண்பரோ கம்பெனி ஆளோ, அதில் நியமியுங்கள். ஒரே ஒருவரை. ஆளுக்கொரு பக்கம் போன் செய்தால் மருத்துவமனைக்காரர்கள் யாரிடமும் பேசமாட்டார்கள். அடுத்து அந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்தின் கான்சுலர் பிரிவு, அதாவது அங்குள்ள நம் மக்களுக்கு உதவும் பிரிவு. இறுதிச்சடங்கு நிறுவனங்களின் பட்டியல் அவர்களிடம் இருக்கும். செலவைப் பொதுவாக அவர்கள் ஏற்பதில்லை, அதையும் தெரிந்துகொண்டே பேசுங்கள்.

அறையில் இறந்ததால் போலீஸ் விசாரணை இருக்கும், பிரேதப் பரிசோதனையும் கேட்கலாம். அது முடியும் முன் எம்பாமிங் (உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றுவது) செய்ய விடாதீர்கள். அதற்கான ஃபார்மலின் என்ற மருந்தை ஏற்றிவிட்டால், உடலில் மருந்தோ விஷமோ இருந்ததா என்று பார்க்கும் சோதனை குழம்பிவிடும். போலீஸ் அனுமதி, அங்கத்திய இறப்புச் சான்றிதழ், இறப்புக் காரணம் சொல்லும் மருத்துவ அறிக்கை, இவை வந்த பிறகு தூதரகம் பாஸ்போர்ட்டை ரத்து செய்து தடையில்லாச் சான்று தரும். எம்பாமிங் சான்றும் பெட்டிக்கு சீல் வைத்த சான்றும் இறுதிச்சடங்கு நிறுவனம் தர வேண்டியவை. நாட்டுக்கு நாடு வரிசை கொஞ்சம் மாறும், காகிதங்கள் ஏறக்குறைய இவைதான்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக நிற்கும். மருத்துவமனைச் சீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். வேலை அட்டையில் ஸ்பெல்லிங்கே வேறாக இருக்கும். இறப்புச் சான்றிதழ் அச்சாகும் முன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை அனுப்பி, எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் திருத்துவது பெரும்பாடு. சான்றிட்ட பிரதிகளும் நிறைய வாங்கச் சொல்லுங்கள். வங்கி, காப்பீடு என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

மழைக்காலம்:
கார்கோ ஐயா சொன்னதோடு ஒன்று. சித்தப்பாவின் பெயரில் காப்பீடு இருக்கிறதா என்று இன்றே கம்பெனியில் கேளுங்கள். உடலை ஊர் கொண்டுவரும் செலவு பல பாலிசிகளில் உண்டு. ஆனால் காப்பீட்டுக்காரர்களின் உதவி மையத்திடம் சொல்லாமல் நீங்களாக ஓர் இறுதிச்சடங்கு நிறுவனத்தை அமர்த்திவிட்டால், பணம் தர மறுக்க அதையே காரணமாகக் காட்டலாம். பழைய நோயால் இறந்தால் பணம் கிடையாது என்று விலக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாரடைப்பு என்றால் அங்கேதான் இழுப்பார்கள்.

என் அக்கா வீட்டுக்காரர் இறந்தபோது நாங்கள் அங்கேயே தகனம் செய்து அஸ்தியைக் கொண்டுவந்தோம். செலவும் காகிதமும் குறைவு. உலோகச் செம்பு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது என்று மரப்பெட்டியில் வைத்து, தகனச் சான்றிதழோடு கையிலேயே எடுத்துவந்தோம். எல்லா நாட்டிலும் தகனத்துக்கு வசதி இல்லை. அதோடு, இறப்பில் சிறிது சந்தேகம் இருந்தாலும் இந்த வழி வேண்டாம். பிறகு பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது.

நெடுவழி:
இருவருக்கும் நன்றி. சித்திக்கு முகம் பார்க்க வேண்டும், எனவே தகனம் இல்லை. வீட்டில் பெட்டியைத் திறக்கலாமா? இன்னொன்று, செலவை கம்பெனி ஏற்கிறதாம். ஆனால் "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டோம்" என்று சித்தி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்கிறார்கள்.

பழைய கார்கோ ஆள்:
கையெழுத்துப் போட வேண்டாம். உடலை அனுப்புவது வேறு கணக்கு. சம்பள பாக்கியும் பணிக்கொடையும் வேறு கணக்கு. வேலை ஒப்பந்தத்தில் செலவு யாருடையது என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, கடிதத்தையும் சேர்த்து தூதரகத்துக்கு அனுப்புங்கள். பணம் வராமலே வந்ததாக எழுதிக் கேட்பதை நான் அயோக்கியத்தனம் என்றுதான் சொல்வேன்.

பெட்டி விஷயம். ஐரோப்பாவில் 1973இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் போட்ட ஒப்பந்தம் மரப்பெட்டிக்குள் பற்றவைத்த துத்தநாகப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருள் என்றெல்லாம் சொல்கிறது. உங்கள் பெட்டியும் அப்படி வந்தால் வீட்டில் திறப்பது லேசல்ல. முகம் பார்க்க வேண்டும் என்று எம்பாமிங்குக்கு முன்பே இறுதிச்சடங்கு நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். கண்ணாடி வைத்த பெட்டி கிடைக்குமா என்றும் கேளுங்கள். திறக்கலாமா கூடாதா என்பதை உடலின் நிலையைப் பார்த்தவர் சொல்லட்டும், அதற்கு முன் சித்திக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

முடிந்தவரை நேரடி விமானம் கேளுங்கள். நடுவில் விமானம் மாறினால் அந்த நாட்டின் அனுமதியும் தேவைப்படலாம், கடைசிக் கட்டத்தில் சின்ன விமானமாக இருந்தால் பெட்டி நுழையாமலும் போகலாம். ஏர்வே பில்லில் பெறுபவராக உங்கள் பெயரைப் போடச் சொல்லி, அதன் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணிகள் வெளியே வரும் வாசலில் நிற்காதீர்கள், கார்கோ டெர்மினலுக்குப் போங்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.